கண்ணில் வைத்த பொட்டு

பாக்கியராஜ் முதன்முதலாக வெள்ளைச் சட்டை போட்டபோது அவனுக்கு வயது நாற்பத்தொன்று. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் அந்தத் தொழிற்சாலையில், சட்டைதான் சாதி. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவனுக்குச் சாம்பல் நிறம். நிரந்தரத் தொழிலாளிக்கு நீலம். மாடியில் உட்காருகிறவர்களுக்கு வெள்ளை. சாம்பலும் நீலமும் கீழே தகரக் கூரைக்கு அடியில் வேர்த்துக்கொண்டு சாப்பிடும். வெள்ளைக்கு மாடியில் ஏசி போட்ட அறை, அப்பளம், தயிர். கீழிருந்து மேலே போக இருபத்திரண்டு படிகள். பாக்கியராஜ் ஏறி முடிக்க இருபத்திரண்டு வருடம் ஆனது. படிக்கு ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொழிற்சாலை நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. அவன் அப்பா சுப்பராயன் அங்கே சேற்றில் நின்று வரப்பு வெட்டியவர். நிலம் அவருடையது அல்ல. நிலத்துக்காரர் நல்ல விலைக்கு விற்றுவிட்டுச் சென்னைக்குக் குடிபோனார். சுப்பராயனுக்குக் கிடைத்தது, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த மகனுக்கு ஒரு சாம்பல் சட்டை. அந்தச் சட்டை நீலமாகி, நீலம் வெள்ளையான அன்று கிழவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்டா, இனிமே உன்னை அங்க யாரும் 'டா' போட மாட்டாங்களா?"

"மாட்டாங்க நைனா. பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

"பேரு சொல்லியா?" என்றார் கிழவர். அறுபது வருடம் 'டேய்' என்ற ஒரே பெயரில் வாழ்ந்த மனிதர் அவர்.

பாக்கியராஜின் மனைவி ஜெபா. காதல் கல்யாணம். அவள் மாதா கோவிலுக்குப் போகிற குடும்பம், இவன் அம்மன் கோவிலுக்குப் போகிற குடும்பம். ஆனால் ஒரே காலனி, ஒரே தெரு. ஊர்க்காரர்கள் இரண்டு சாமிகளையும் ஒரே தூரத்தில்தான் நிறுத்திவைத்திருந்தார்கள். ஆகவே கல்யாணத்துக்குப் பெரிய தடை எதுவும் எழவில்லை. ஜெபாவின் அண்ணன் மோசஸ்தான் முன்னின்று நடத்தினான். மோசஸும் பாக்கியராஜும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். கல்யாணத்துக்கு முன்பே ஒருவனை ஒருவன் மச்சான் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணம் அதைச் சட்டப்படி ஆக்கியது, அவ்வளவுதான்.

மோசஸும் அதே தொழிற்சாலை. முந்நூறு டன் பிரஸ் மெஷினை ஓட்டுகிறவன். பதினெட்டு வருடமாகச் சாம்பல் சட்டை. அவன் அளவுக்குத் தகட்டைக் கோணாமல் வைத்து அடிக்க அந்தத் தொழிற்பேட்டையில் ஆள் கிடையாது என்று மாடியிலேயே சொல்வார்கள். சொல்வதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுவாயல் கடைத்தெருவில் கேரம் போர்டு போட்டால் அவனை ஜெயிக்க முடியாது. "மோசஸு, கைய எல்.ஐ.சி.ல போட்டு வைடா," என்று கேலி செய்வார்கள்.

அந்த பிரஸ் மெஷினுக்கு ஒரு கண் இருந்தது. மெஷினின் வாய்க்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்தில் இரண்டு கம்பங்கள். கறுப்புக் கண்ணாடி பதித்த அந்தக் கம்பங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடிக்கொண்டே இருக்கும். குறுக்கே ஒரு விரல் போனாலும் போதும், மேலிருந்து இறங்குகிற இரும்பு அப்படியே நின்றுவிடும். தொழிலாளிகள் அதைக் 'கண்ணு' என்பார்கள். உற்பத்தி குறைகிற நாட்களில் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டு ஓட்டுவார்கள். மின்பெட்டியைத் திறந்து இரண்டு முனைகளுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு வயரைச் சொருகினால் போதும். கண்ணுக்கு முன்னால் யானையே நின்றாலும் மெஷின் நிற்காது. அதற்குப் பெயர் 'கண்ணைக் கட்டுறது'. அந்த வயரைச் சொருகுகிற வேலை எலக்ட்ரீஷியனுடையது. பாக்கியராஜுடையது.

ஆனால் மோசஸ் ஓட்டும்போது மட்டும் பாக்கியராஜ் கட்டியதில்லை. அது இரண்டு பேருக்கும் நடுவே சொல்லாமலே இருந்த ஒப்பந்தம்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு மெஷின்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டார்கள். முதலாளியம்மா பட்டுப்புடவையில் வந்தார். வருடத்துக்கு ஒருமுறை அவர் கீழே இறங்குகிற நாள் அது. வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து ஒவ்வொரு மெஷினுக்கும் தன் கையாலேயே பூசி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். முந்நூறு டன் மெஷினில் எங்கே பார்த்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு. சுத்தமாகப் பளபளவென்று இருந்தது அந்தக் கறுப்புக் கண்ணாடி ஒன்றுதான். அதில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்துப் பொட்டு வைத்தார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் மெஷின் ஓட மறுத்தது. ஒளி போகிற வழியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தால் எப்படி ஓடும்? மெஷினுக்குப் பக்தி கிடையாது. தன் கண் மறைந்தால் நிற்க வேண்டும் என்று மட்டுமே அதற்குத் தெரியும். அங்கே இருந்தவர்களிலேயே அறிவோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

பாக்கியராஜ் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துடைக்கப் போனான். ஷிப்ட் மேனேஜர் வெங்கடேசன் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"யோவ், இன்னா பண்றே? அம்மா கையால வெச்ச பொட்டு. நல்ல நாளும் அதுவுமா அழிக்கிறியா?"

"சார், சென்சார் மறையுது சார். ஓடாது."

"மறையுதுன்னா கட்டு. இன்னிக்கு ஒரு நாளு. அம்மா பதினோரு மணிக்கு திரும்ப வராங்க, ஆரத்தி இருக்குது. பொட்டு இல்லன்னா நான் இன்னா பதில் சொல்றது?"

"மோசஸ் ஓட்டறான் சார்."

"அவன் பதினெட்டு வருசமா ஓட்டறான். அவனுக்குக் கண்ணு எதுக்குய்யா?"

பாக்கியராஜின் கையில் துணி இருந்தது. ஒரு தேய்ப்பு. இரண்டு விநாடி. வெங்கடேசன் போன பிறகாவது செய்திருக்கலாம். செய்யவில்லை. ஏனென்று அவனைக் கேட்டால் இன்றைக்கும் அவனுக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. இருபத்திரண்டு படி ஏறியவனுக்குக் கீழே பார்க்கப் பயம். மேலே இருக்கிறவர் பக்தியைத் துடைத்தவன் என்ற பெயரோடு எத்தனை நாள் அந்தச் சட்டையில் இருக்க முடியும்? பெட்டியைத் திறந்து வயரைச் சொருகினான்.

மோசஸ் ஷிப்டுக்கு வந்தான். பொட்டைப் பார்த்தான். தானே துடைத்திருப்பான்; ஆனால் அது மற்றவர்கள் சாமி விஷயம், நாம் கை வைத்தால் வம்பு என்று விட்டான்.

"இன்னா மச்சான், கண்ணு மேலயே சந்தனம் கீதே. ஓடுமா?"

"பாத்துட்டேன் மச்சான். ஓரமாத்தான் பட்டிருக்கு. நீ ஓட்டு."

பத்தே முக்காலுக்கு ஒரு தகடு சிக்கியது. எடுக்கக் கையை விட்டான். இரண்டு கையையும் விட்டான். கண் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில், கால் பெடலில் இருந்ததை அவன் யோசிக்கவில்லை.

வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இடது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் வெங்கடேசன் பாக்கியராஜிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "வயர எடுத்துடு. பொட்டையும் துடைச்சிடு." காலையில் அழிக்கக் கூடாத பொட்டை இப்போது அழிக்கலாம் என்றாகிவிட்டது. பாக்கியராஜ் இரண்டையும் செய்தான். கை அதுவாகச் செய்தது. மெஷின் மறுபடி பார்க்கத் தொடங்கியது.

மறுநாள் மாடிக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். இங்கிலீஷில் இருந்தது, ஆனால் அவனுக்குப் புரிகிற இங்கிலீஷ்தான். சென்சார் நல்ல நிலையில் இருந்தது, பராமரிப்புப் பிரிவு எதையும் மாற்றவில்லை, செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தால் அதை ஓட்டியவரே செய்திருக்க வேண்டும். கீழே அவன் பெயர். கையெழுத்துப் போட்டான்.

அந்த வெள்ளிக்கிழமையே மெஷினுக்கு ஹோமம் நடந்தது. பூசணிக்காயை நான்கு பக்கமும் சுற்றிக் குங்குமத் தண்ணீரோடு உடைத்தார்கள். திருஷ்டி கழிந்தது என்றார் ஐயர். ஒரு மனிதனின் கையைத் தின்ற இரும்புக்கு முன்னால் நின்று, அது கோபிக்காமல் இருக்க வேண்டுமென்று கும்பிட்டார்கள். அது எதற்கும் கோபிக்காது. துடைத்துவிட்டால் போதும், ஓடும்.

மோசஸுக்கு அந்த வயரைப் பற்றித் தெரியாது. கண் தானாகவே கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நம்பினான். கம்பெனியோ அவன்தான் கட்டினான் என்றது. மோசஸ் கட்டினான் என்று முடிவானால் ஒன்றும் கிடையாது. கட்டவில்லை என்றால் இழப்பீடு உண்டு. திருவள்ளூரில் வழக்கு போட்டது அருணா என்ற வக்கீல். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கறுப்புக் கோட்டை ஸ்கூட்டி பெட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தொழிற்பேட்டை முழுக்கச் சுற்றுகிற பெண்.

மோசஸின் மனைவி சாராள் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி இறால் உரிக்கிற வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே காலையில் மோசஸைக் குளிப்பாட்டுவது பாக்கியராஜின் வேலையானது. யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனே போனான். சோப்பு போட்டு, துவட்டி, சட்டை மாட்டிப் பொத்தான் போட்டு, டீ ஆற்றி வாயில் வைத்துவிட்டு, பிறகுதான் தொழிற்சாலைக்குப் போவான். ஒன்பது மாதம். ஒரு நாள் தவறவில்லை.

"உன்னை மாதிரி மச்சான் எவனுக்குடா கெடைப்பான்?" என்பான் மோசஸ், தலையில் தண்ணீர் வழிய.

பாக்கியராஜ் முதுகுப் பக்கம் போய்த் தேய்ப்பான். முகம் தெரியாத பக்கம் அதுதான்.

ஆடி மாதம் விசாரணைக்குத் தேதி கிடைத்தது: வியாழக்கிழமை. கம்பெனி தரப்பின் முதல் சாட்சி பாக்கியராஜ். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதுவாயலில் ஒரு படம் போட்டார்கள்.

அருணாவும் சில நண்பர்களும் மாதம் ஒருமுறை, டயர் கடை மாடியில் இருந்த சங்க அறையில், வேட்டியைத் திரையாகக் கட்டி ஏதாவது படம் போடுவது வழக்கம். அன்றைக்குப் போட்டது நூறு வருடத்துக்கு முந்தின வெளிநாட்டு ஊமைப் படம். எதிர்காலத்தில் நடக்கிற கதை. மோசஸ் கூப்பிட்டதால் பாக்கியராஜ் போனான். சாராளும் வந்திருந்தாள். நாற்பது பேர் இருப்பார்கள். ஜன்னலைக் கோணியால் மூடியிருந்ததால் புழுங்கியது.

"இதுல பேச்சு இல்ல," என்றாள் அருணா. "நடுநடுவே எழுத்து வரும். நான் தமிழ்ல சொல்றேன்."

"பேச்சு இல்லன்னா பரவால்ல மேடம், பாட்டு உண்டா?"

"கிழக்கால இருந்து ரயில் சத்தம் வரும்டா, அதான் பாட்டு," என்றான் இன்னொருவன். சிரிப்பு.

திரையில் ஷிப்ட் மாறியது. ஒரே மாதிரி உடுப்புப் போட்ட ஆட்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசையாக நடந்து, லிஃப்டில் ஏறி, பூமிக்கடியில் இறங்கினார்கள். வீடும் அங்கேதான், வேலையும் அங்கேதான். அவர்கள் தலைக்கு மேலே வானம் முட்டுகிற கட்டடங்கள். அதற்கும் மேலே தோட்டத்தில் பணக்காரப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

"கிரே சட்டை எல்லாம் அடியில, ஒயிட் சட்டை எல்லாம் மாடியில. நம்ம கம்பெனிதான்டா இது!"

"நம்மளாச்சும் ஷிப்ட் வுடும்போது ஒருத்தன ஒருத்தன் கிண்டல் பண்ணிக்கினு வருவோம். இவனுங்க சாவுக்குப் போறா மாதிரி போறானுங்க."

பிறகு ஒரு பெரிய மெஷின் வந்தது. படிக்கட்டு வைத்த, மலை மாதிரி மெஷின். அது வெடித்தது. ஆவிக்குள்ளே மெஷின் மெல்ல ஒரு பூதத்தின் முகமாக மாறி வாயைத் திறந்தது. ஆட்களைப் படியேற்றி அந்த வாய்க்குள் தள்ளினார்கள். வரிசை வரிசையாக.

மோசஸ் பாக்கியராஜின் காதருகே குனிந்தான்.

"பாரேன் மச்சான். பொட்டு வெக்க மட்டும் மறந்துட்டானுங்க."

பாக்கியராஜுக்கு வேர்த்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தான். இருபுறமும் ஆட்கள்.

அருணா படத்தைக் கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணு கவனிச்சீங்களா? மெஷின் வாயா மாறினது யாரு கண்ணுக்குத் தெரிஞ்சது? முதலாளி மகன் கண்ணுக்கு. அவன் அன்னிக்குத்தான் முதல்முறையா கீழ வந்தான். தினமும் அதுக்குள்ள நிக்கிறவனுக்கு அது வாயா தெரியல. வேலையா தெரியுது."

"பழகிடும் மேடம்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "வாய் நாத்தம்கூட பழகிடும்."

படம் மறுபடி ஓடியது. கீழே இருக்கிற ஜனங்களுக்கு நம்பிக்கை சொல்கிற ஒரு பெண் இருந்தாள். அவள் சொன்னால் கேட்பார்கள். மேலே இருக்கிறவர்கள் அவளைப் பிடித்து அடைத்துவிட்டு, அச்சு அசல் அவளைப் போலவே ஒரு எந்திரப் பெண்ணைச் செய்து கீழே அனுப்பினார்கள். ஜனங்கள் அது சொன்னதையும் அப்படியே கேட்டார்கள். அழிந்துபோகிற அளவுக்குக் கேட்டார்கள்.

"எப்பப் பாரு நம்மளத்தான் மடையனா காட்டுறானுங்க," என்று ஒருவன் கோபப்பட்டான். "நெஜமான ஆளுக்கும் டூப்ளிகேட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"எப்டித் தெரியும்?" என்றாள் அருணா. "கீழ இருக்கிறவன ஏமாத்தணும்னா வெளியாள அனுப்பினா நடக்காது. அவன் நம்புற முகம் எதுவோ, அந்த முகத்தைத்தான் அனுப்பணும்."

அவள் திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். பாக்கியராஜ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அந்தக் கைகளில் மோசஸின் தலைமுடி நுரைத்திருந்தது. ஓரமாத்தான் பட்டிருக்கு, நீ ஓட்டு. வெங்கடேசன் சொல்லியிருந்தால் மோசஸ் நம்பியிருப்பானா? மெஷினையே தொட்டிருக்க மாட்டான். மச்சான் சொன்னான், அதனால் கையை விட்டான்.

படத்தின் கடைசியில் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் கோவில் வாசலில் எதிரெதிரே நின்றார்கள். முதலாளி மகன் நடுவே நின்று இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்தான். மேலே இருக்கிறவன் யோசிப்பானாம், கீழே இருக்கிறவன் உழைப்பானாம், நடுவே நல்ல மனசுக்காரன் ஒருவன் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். விளக்கு போட்டார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"மேடம்," என்றாள் சாராள், மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு. "ஏன், கையால வேலை செய்றவனுக்குத் தலையே கெடையாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அருணா சிரிக்கவில்லை. "அதான் இந்தப் படத்தோட பொய், சாராள். முக்கால்வாசிப் படம் உண்மையைக் காட்டிட்டு, கடைசில கை குலுக்கிட்டுப் போயிடுச்சு. யாரு மேல, யாரு கீழன்றது அப்படியேதான் இருக்குது."

"அது சரி. நடுவுல நிக்கிறான் பாரு, அவன் யாரு பக்கம்?"

"அவன் முதலாளி புள்ளையாச்சே."

"அப்ப நம்ம ஆளு ஒருத்தன் நடுவுல நின்னா?" என்று கேட்டாள் சாராள். விளையாட்டாகத்தான் கேட்டாள். பிறகு பாக்கியராஜின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுண்ணா. நீதான மேல போய் நாஷ்டா துன்ற ஆளு."

மறுபடி சிரிப்பு. பாக்கியராஜும் சிரித்துவைத்தான்.

அன்று சாயங்காலம் ஜெபாவிடம் சொன்னான். ஒன்பது மாதமாகத் தொண்டையில் நின்றது, நான்கே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஜெபா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. அவள் அழவில்லை, கத்தவில்லை. முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணங்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"வியாழக்கெழம இன்னா சொல்லப் போற?"

"உண்மையச் சொல்லிடலாம்னு கீறேன். சொன்னா வேலை போயிடும். கேஸும் என் மேலதான் வரும். வெங்கடேசன் இல்லன்னுடுவாரு."

"வேலை போனா போவுது. மொதல்ல அவங்கிட்ட சொல்லு. ரூம்ல பத்து பேரு முன்னாடி அவன் தெரிஞ்சிக்கக் கூடாது. நீ உன் வாயால சொல்லு. நாளைக்கே சொல்லு."

திங்கட்கிழமை போனான். தண்ணீர் ஊற்றினான். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மோசஸ் ஏதோ பழைய கேரம் ஆட்டத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தான். புதன்கிழமை, "நாளைக்கி நீ அவுங்க பக்கம் சாட்சின்றாங்க. நீ பயப்படாத மச்சான், உனக்கு இன்னா தெரியுமோ அத மட்டும் சொல்லு, வேலைய வுட்டுடாத," என்று மோசஸே தைரியம் சொன்னான். பாக்கியராஜ் பொத்தான்களைப் போட்டான். ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டு, அவிழ்த்து மறுபடி போட்டான். இவன் மூன்று நாள் தள்ளிப்போட்டது கோழைத்தனம்தான். வேறு பெயர் வைக்க முடியாது.

வியாழக்கிழமை பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் எல்லோரும் ஒன்றாகவே திருவள்ளூர் போனார்கள். மோசஸின் டிக்கெட்டையும் பாக்கியராஜ்தான் எடுத்தான்.

விசாரணை அறை சின்னது. காற்றாடி கடகடத்தது. கம்பெனி வக்கீல் அவன் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டி, வெகு சாதாரணமாகக் கேட்டார்: "சம்பவத்தன்று சென்சார் நல்ல நிலையில் இருந்ததா?"

"இருந்தது சார்."

"அதைச் செயலிழக்கச் செய்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். நான்."

வக்கீல் அடுத்த தாளைப் புரட்டப் போன கையை நிறுத்தினார். அருணா எழுந்தேவிட்டாள், அவளுக்கும் தெரியாது. விசாரணை நடத்திய தொழிலாளர் துறை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முழுசா சொல்லுங்க," என்றார். பாக்கியராஜ் சொன்னான். சந்தனம், குங்குமம், ஆரத்தி, வயர், பத்தே முக்கால், பிறகு துடைத்தது, பிறகு கையெழுத்து. மோசஸ் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் விடாமல் சொன்னான். பின்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

"கட்டச் சொல்லி எழுத்து மூலமா உத்தரவு இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"கண்ணைக் கட்டச் சொல்லி யாரும் எழுதித் தர மாட்டாங்க சார்."

வெங்கடேசனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை. பொட்டு வைக்கிறது எங்க மரபு. மெஷினைப் பார்த்துக்கறது அவர் பொறுப்பு," என்றார். ஒரு பொய்யும் ஒரு உண்மையும். இரண்டையும் ஒட்டினால் ஓட்டை தெரியாது என்று மாடியில் இருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றே தெரிந்துவிட்டது வழக்கு மோசஸ் பக்கம் திரும்பிவிட்டது என்று. பிறகு தீர்ப்பும் அப்படியே வந்தது. கம்பெனி இழப்பீடு கொடுத்தது. அதே வாரத்தில் பாக்கியராஜை வேலையை விட்டு நீக்கியது. பாதுகாப்புக் கருவியைத் தன்னிச்சையாக முடக்கி ஒரு தொழிலாளியின் உறுப்பிழப்புக்குக் காரணமானவன் என்று போலீசில் புகாரும் கொடுத்தது. குற்றப் பத்திரிகையில் ஒரே ஒரு பெயர். சந்தனம் வைத்தவர் பெயர் அதில் இல்லை. கட்டச் சொன்னவர் பெயர் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை தகடு என்று மாடியில் உட்கார்ந்து நிர்ணயித்தவர் பெயர் இல்லை. வயரைச் சொருகிய கை யாருடையதோ அவன் பெயர் மட்டும் இருந்தது. சட்டத்துக்கும் கை மட்டும்தான் தெரிகிறது.

ஆனால் அதெல்லாம் பின்னால் வந்தது. அன்று விசாரணை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது பாக்கியராஜ் அதை எதையும் யோசிக்கவில்லை. சாராள் தூரமாகப் போய் நின்றுகொண்டாள். மோசஸ் மெதுவாக வந்தான். எதிரே நின்றான். அடிப்பான் என்று பாக்கியராஜ் எதிர்பார்த்தான். அடிக்க மோசஸுக்குக் கை இல்லை என்பது அடுத்த கணம்தான் உறைத்தது.

"கட்டினது தப்பில்லன்னு சொல்ல மாட்டேன்," என்றான் மோசஸ். குரல் உயரவில்லை. "ஆனா அது புரியுது. அந்தாளு சொன்னா நானும் கட்டியிருப்பேனோ இன்னாவோ. வேலை வோணும்ல. கையெழுத்துப் போட்டதுகூட புரியுது."

"மச்சான்..."

"இரு. இன்னிக்கு சொன்ன பாரு, அதுக்கு எவ்ளோ தைரியம் வோணும்னும் தெரியுது. நீ சொல்லலன்னா நான் தோத்திருப்பேன். என் புள்ளைங்க அத மறக்காது." அவன் நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான். "ஆனா ஒம்போது மாசம் டெய்லி வந்து என்னைக் குளிப்பாட்டினியேடா. அம்மணமா நின்னேன் உன் முன்னாடி. ஒரு நாளு சொல்லலியே. அததான் என்னால..."

கண்ணீர் இறங்கியது. துடைக்க இடது கையை உயர்த்தினான். இரண்டு விரல் அதற்குப் போதவில்லை. பாக்கியராஜின் கை பழக்கத்தில் முன்னால் நீண்டது.

"வேணாம்," என்றான் மோசஸ். "நீ இனிமே தொடாத."

சாராள் வந்து முந்தானையால் துடைத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

இப்போது பாக்கியராஜ் மீஞ்சூரில் ஒரு சின்னக் கடையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறான். எந்த நிறச் சட்டையும் போட்டுக்கொள்ளலாம். வழக்குக்காக மாதம் ஒருமுறை போய் நிற்க வேண்டும்; அருணாதான் இவனுக்கும் வக்கீல். காலையில் மோசஸைக் குளிப்பாட்ட ஜெபா போகிறாள். இருட்டு பிரியும் முன் கிளம்புகிறவளுக்குத் துணையாகப் பாக்கியராஜும் தெருமுனை வரை நடப்பான். அங்கே அடிபம்பு இருக்கிறது. இரண்டு குடம் அடித்து நிரப்பித் தருவான். ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக அவள் எடுத்துக்கொண்டு போவாள். கதவு திறக்கிற சத்தம் கேட்கும், பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, ஆறேகால் ரயிலுக்கு நடக்கத் தொடங்குவான்.